சீர்க்கூடையை இறக்கும் கை

சுகன்யா மேரி இரண்டு வருஷமாகத் தன் அண்ணன் டேவிட்ராஜின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அண்ணன் ஏதோ மிரட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றம் இவள் மேல். செத்துப்போன அம்மாவின் சீர்க்கூடைகளை இவள்தான் பூச்சிக்குக் கொடுத்துவிட்டாள் என்று அவள் பிறந்த ஏலாக்குறிச்சியிலிருந்து வரதராஜன்பேட்டை வரைக்கும் சொந்தத்தில் பேச்சு. இவளும் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, சொன்னவன் கூடப்பிறந்தவன் ஆயிற்றே.

ஏழு கூடைகள். எல்லாம் மூங்கில். ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். பெரியதில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்கலாம், கடைசிச் சின்னதில் ஒரு படி அரிசிதான் கொள்ளும். அம்மா தெரசம்மாள் வாழ வந்த நாளில் அவளுடைய தம்பிமார் தலையில் வந்தவை. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று எந்தச் சீர் போனாலும் அந்தக் கூடைகளில்தான் போகும். மற்ற வீடுகளில் சில்வர் தட்டும் கண்ணாடிக் காகிதமும் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்த வீட்டில் கூடைதான்.

அந்தச் சீருக்கு ஒரு முறை உண்டு. தாய்மாமன் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் தானாக இறக்கக் கூடாது. கூடப்பிறந்தவள் வாசலுக்கு வந்து தன் கையால் இறக்கிக்கொள்ள வேண்டும். மேரியின் சடங்குக்கு மாமா வந்தபோது அம்மா அடுப்படியில் கையெல்லாம் மாவாக நின்றிருந்தாள். கை கழுவி, தலை முடிந்து, அவள் வெளியே வருகிற வரைக்கும் அந்த மனுஷன் கழுத்து நடுங்க வாசலிலேயே நின்றார். வைத்துவிட்டு உட்காருங்கள் என்று ஆளாளுக்குச் சொல்லியும் கேட்கவில்லை. தானாக இறக்கினால் தனக்கு அக்கா இல்லை என்று ஆகிவிடும் என்றார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருக்கும்.

கூடைகளைப் பேணுவது அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. மருமகளுக்கு இல்லை, கட்டிக்கொடுத்த மகளுக்கு. ஈஸ்டர் முடிந்து வருகிற சனிக்கிழமை அவள் பிறந்த வீட்டுக்கு வந்து கூடைகளை மெழுகுவாள். மூங்கில் கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறவர்கள் பேசாமல் பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் அதற்கு ஆகாது, ஈரம் உள்ளே இறங்கிப் பூசணம் பிடிக்கும். உச்சி வெயிலும் ஆகாது, பின்னிய மூங்கில் சிம்பு வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, இண்டு இடுக்குத் தூசியைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். முதல் நாளே ஊறப்போட்ட வெந்தயத்தோடு, ஊறிய பழைய பேப்பரும் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்து, உள்பக்கமும் அடிப்பக்கமும் கையாலேயே மெல்லிசாகப் பூச வேண்டும். நிழலில் காற்றாட வைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டு, காய்ந்ததும் வேப்பிலைப் புகை காட்டி, விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் ஒரு வண்டு கிட்டே வராது.

மேரி பீச்சாங்கைக்காரி, எதற்கும் இடது கைதான் முந்தும். ஒரு தடவை கன்றுக்குட்டி மிதித்து இரண்டாவது கூடையின் விளிம்பு பிய்ந்தபோது, கட்டில் பின்னுகிற நைலான் பட்டையால் அவள்தான் அதைச் சுற்றிக் கட்டினாள். ஊரில் எல்லோருடைய கட்டும் ஒரு பக்கம் சுற்றினால் அவளுடையது எதிர்ப்பக்கம் சுற்றும். கட்டைப் பார்த்தாலே யார் கட்டியது என்று தெரிகிறதே என்று அம்மா கேலி செய்தாள். ஆனால் பிரித்துக் கட்டச் சொல்லவில்லை.

அப்பா சவரியாரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகும் அந்தச் சனிக்கிழமை நிற்கவில்லை. மேரி ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துப் போட்டு மடித்து வைக்கிற வேலை. அவளுக்கு வருஷத்தில் கால் நீட்டி உட்காருகிற நாள் அந்த ஒன்றுதான். அண்ணி பானுப்ரியா சோறு போடுவாள், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மெழுகுவதைப் பார்த்தபடி அம்மா கதை பேசுவான். பஸ் ஏறும்போது கை வெந்தய வாசனை அடிக்கும். அந்த வாசனை போகிற வரைக்கும் தனக்கு ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்று அவளுக்குத் தெம்பாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எல்லாம் கோணியது. மெழுகி முடித்துக் கூடைகளைக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். மத்தியானம் போன் வந்தது. அவள் புருஷன் ஆண்டவர் முந்திரித் தோப்புக்குப் போகிற வழியில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். மேரி போட்டது போட்டபடி ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலும் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். மழை வரும் போலிருக்கிறது, கூடையைத் திருப்பிப் போடு, காய்ந்ததும் அண்ணியைப் புகை காட்டச் சொல் என்றாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அண்ணன். அவள் சொன்னபடியே அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த மழையைப் பார்த்தபோது புருஷன் காலோடு சேர்த்துக் கூடைகளையும் நினைத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் அண்ணன் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"மேரி, கூடைல பூச்சி விழுந்துருச்சு. தொட்டா மாவாக் கொட்டுது. ஏழும் போச்சு. வூட்ல மத்த சாமானுக்கும் பரவிரும்னு எரிச்சுட்டேன். நீ அன்னிக்கு ஈரத்தோட வுட்டுட்டுப் போனதுதான்."

அவள் சரிண்ணே என்று போனை வைத்தாள். ஒரு கூடையையாவது வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கவில்லை. புகை காட்டினீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் கூடப்பிறந்தவனிடம் சாட்சி கேட்பார்களா யாராவது? தான் வெந்தயத்தைக் கொஞ்சம் தளர அரைத்துவிட்டோமோ, அதனால்தான் காயவில்லையோ என்று தன் கையையே சந்தேகப்பட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்கே ஆத்திரம் வருகிறது. மாதா கோயில் திருவிழாவில் சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது ஆரோக்கியம் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். பெற்றவள் நாற்பது வருஷம் காப்பாற்றியதை ஒரு மழைக்குத் தின்னக் கொடுத்துவிட்டாயே, உனக்கெல்லாம் எதற்கு மெழுகுகிற உரிமை என்றாள். டேவிட்ராஜ் பக்கத்தில்தான் நின்றான். 'விடுங்க சின்னம்மா, பாவம், தெரிஞ்சா செஞ்சா' என்று தங்கச்சிக்காகப் பரிந்து பேசினான். எப்பேர்ப்பட்ட அண்ணன் என்று எல்லோரும் மெச்சினார்கள். மேரியும் மெச்சினாள். அதுதான் கொடுமை.

அவள் கும்பகோணம் வரைக்கும் போய் அதே மாதிரி அடுக்குக் கூடை தேடி வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கூடை ஆகுமா இது என்று ஒரு பெருமூச்சு விட்டான். அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வெங்காயம் போட்டு வைத்தாள். ஈஸ்டர் வந்தது. சனிக்கிழமை வந்தது. மெழுக ஒன்றும் இல்லாத வீட்டுக்கு என்னவென்று போவது? கடைக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருஷமும் அப்படியே.

இப்போது மகள் அடைக்கலமேரிக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை ஜெயங்கொண்டம். கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மேரிக்கு ஒரே ஒரு கவலைதான். அண்ணன் சீர் கொண்டு வரும்போது சின்னம்மா வாசலில் நின்று மறுபடியும் கூடைப் பேச்சை எடுப்பாள், சம்பந்தி வீட்டார் முன்னால் தான் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும், அந்தத் தலைகுனிவு மகளுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நேரத்தில்தான் கடையில் கூட வேலை செய்கிற மேகலாவின் மகனுக்கு அரியலூரில் கல்யாணம். மேரி மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் நுழைகிற இடத்திலேயே அலங்காரம் பிரமாதமாக இருந்தது. படி நெடுக இரண்டு பக்கமும் தங்கக் கலர் அடித்த கூடைகள், அவற்றுக்குள் பிளாஸ்டிக் பூ. பெரியதிலிருந்து சின்னது வரைக்கும் ஏழு.

ஏழு என்றதும் அவள் கால் நின்றது. உலகத்தில் ஏழு கூடை எங்கும்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் குனிந்து இரண்டாவது கூடையின் விளிம்பைத் தடவினாள். தங்கக் கலருக்கு அடியில் பட்டைக் கட்டு இருந்தது. கட்டு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. பூவை ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விட்டாள். உள்பக்கம் கலர் இல்லை. விரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். வெந்தயம்.

"ம்மா, ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?" என்றாள் மகள்.

அலங்காரம் செய்தவன் முத்தமிழ்செல்வன் என்கிற இளவட்டம். அவனைப் பிடித்து, கூடை நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கியது என்று விசாரித்தாள். பாவம், அவன் ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை. ஏலாக்குறிச்சி டேவிட் அண்ணன் கொடுத்தது என்று சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம் அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம், அதற்கு அலங்காரம் இவன்தானாம். வீட்டில் சும்மா தொங்குகிறது என்று அவரே கொண்டு வந்தாராம். கோல்டு அடித்ததும் வந்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம், அந்தச் சந்தோஷத்தில் நீயே வைத்துக்கொள்ளடா என்று சொல்லிவிட்டாராம்.

"யாரோ நல்லா வச்சுப் பாத்துருக்காங்கக்கா," என்றான் அவன். "இத்தன வருசத்துக் கூடை, ஒரு சிம்பு உளுக்கல பாருங்க."

இரண்டு வருஷமாக அவள் யார் வாயிலிருந்து கேட்க ஏங்கினாளோ அந்தச் சொல், முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து மண்டப வாசலில் வந்தது. அந்த ஆனி மாதக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை, புருஷன் மாவுக்கட்டோடு கிடந்தார். போயிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பாள். அவள் போகமாட்டாள் என்பது அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. மேரி சாப்பிடாமலே மகளோடு பஸ் ஏறினாள். ஜெயங்கொண்டம் வருகிற வரைக்கும் அழவில்லை. அழுகை வருகிற மாதிரியான வலி இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஏலாக்குறிச்சிக்குப் போய் இறங்கினாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எதையும் சுற்றி வளைக்கவில்லை, மண்டபத்தில் பார்த்ததைச் சொன்னாள். அவன் முதலில் எந்தக் கூடை என்றான், அப்புறம் அது வேறாக இருக்கும் என்றான். விளிம்புக் கட்டைப் பற்றிச் சொன்னதும் சோற்றைப் பிசைகிற கை நின்றுவிட்டது. அண்ணி பானுப்ரியா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

"ஏண்ணே?" என்றாள் மேரி. 

அவன் சொன்ன காரணம் அற்பத்திலும் அற்பம். மச்சினன் கல்யாணத்துக்கு என்றுதான் எடுத்துப் போனான். நாலு பேர் முன்னால் பெருமைக்காக, நீயே வைத்துக்கொள் என்று அலங்காரக்காரனிடம் வாய்விட்டுவிட்டான். பிறகு திரும்பக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அம்மா கூடையைத் தூக்கி ஊரான் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தால் சின்னம்மா முதற்கொண்டு சொந்தமே காறித் துப்பும்.

"என்னைத் துப்புவாங்க மேரி. உன் மேல சொன்னா அவ்வளவா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு மழ வேற பேஞ்சுச்சா, தோதா இருந்துச்சு." அவன் எச்சில் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ தாங்கிப்பன்னு தெரியும்."

அவன் வெறுப்பில் செய்திருந்தால்கூட மேரிக்கு ஆறியிருக்கும். இவள் தாங்குவாள் என்று கணக்குப் போட்டல்லவா இவள் தலையில் ஏற்றியிருக்கிறான்! சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பாவிடம் இவளைக் கைகாட்டிய அதே அண்ணன்தான். அன்று அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தப் பழக்கத்தை அவன் மறக்கவில்லை.

அவள் கூடைகளைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சீர் கொண்டு வருகிற அன்றைக்குச் சொந்தம் எல்லாம் இருக்கும்போது, கூடை போனது மேரியால் இல்லை என்று அவன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அவளால் இல்லை என்றால் போதும். டேவிட்ராஜ் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, சுவரில் இருந்த அடைக்கல மாதா படத்தில் கை வைத்தான்.

"மாதா மேல சத்தியமாச் சொல்லிர்றேன். கூடையையும் கேட்டு வாங்கி அதுலயே சீர் கொண்டாரேன். போதுமா?"

போதும் என்றாள். அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டே வந்தாள். பாருங்கள், அப்போதும் நம்பினாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், பொழுது சாய்கிற நேரம், கோயில் முனையில் பேண்டு சத்தம் கேட்டது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து பெண்ணுக்குப் பூ கொண்டு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் டேவிட்ராஜ், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தலையில் பெரிய கூடை. கூடை நிறையத் தேங்காயும் பழமும், மேலே பட்டுச்சேலை. பின்னால் அண்ணியும் மற்றவர்களும் மற்றக் கூடைகளோடு. எல்லாமே அதே தங்கக் கலரில் பளபளத்தன.  மேரிக்குக் கோபம் எல்லாம் எங்கோ போய், கூடைகள் வருகின்றன, அண்ணன் வருகிறான் என்பது மட்டும் நின்றது. கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

டேவிட்ராஜ் கையைக் காட்டிப் பேண்டை நிறுத்தச் சொன்னான். கூட்டம் அமைதியானது. ஆரோக்கியம் சின்னம்மா முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

இது அம்மாவுடைய கூடை என்று ஆரம்பித்தான் டேவிட்ராஜ். எல்லோரும் எரிந்துபோனதாக நினைத்திருந்தீர்கள், அப்படித்தான் நானும் சொன்னேன் என்றான்.  தங்கச்சி அன்றைக்கு ஈரத்தோடு விட்டுவிட்டுப் போனதில் கூடை கெட்டது உண்மைதான், ஆனால் எரிக்கத் தனக்கு மனசு வரவில்லை என்றான். அரியலூரில் தெரிந்தவரிடம் கொடுத்து, இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பண்ணி, தங்கமாக மினுக்கி, தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு என்று ரகசியமாக வைத்திருந்தேன் என்றான். தங்கச்சி தப்பு பண்ணினால் அண்ணன்தானே சரி செய்ய வேண்டும் என்று முடித்தான்.

ஒரு சொல் பிசகவில்லை, குரல்கூடத் தழுதழுத்தது. கூட்டத்தில் கைதட்டல் கேட்டது, யாரோ விசிலடித்தார்கள். சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேண்டுக்காரன் நேரம் பார்த்து ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தினான்.

அண்ணன் இரண்டு அடி முன்னால் வந்து தலையைக் குனிந்தான். இறக்கிக்கொள் என்று அர்த்தம். மேரியின் கைகள் பாதி எழும்பியிருந்தன. அப்படியே நின்றன. பிறகு கீழே இறங்கின.

"சொல்லுண்ணே," என்றாள்.

"அதான் சொன்னேனே." அவன் சிரித்த முகம் மாறாமல் உதட்டுக்குள் பேசினான். "எறக்கு மேரி, ஜனம் பாக்குது."

"மாதா மேல சத்தியம் பண்ணுனதச் சொல்லு. சொன்னதும் எறக்கிக்கிறேன்."

அவளே கூட்டத்தைப் பார்த்து எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அவளுக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவள் சொன்னால் அண்ணன் சீரைக் கொண்டு வந்து நிற்கும்போது பழி போடுகிறவள் என்று ஆகும், அதோடு முடியும். அவன் வாயால் வர வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கூடையும் பட்டும் அவளுக்கு எதற்கு?

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஆண்டவர் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து பொண்டாட்டியின் முழங்கையைப் பிடித்தார். எதுவாக இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள் என்று காதில் சொன்னார். சின்னம்மா சத்தமாகவே கேட்டாள், செய்ததையும் செய்துவிட்டு இப்போது வீம்பு வேறா என்று. டேவிட்ராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. தேங்காய்க் கனம் சும்மா இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மீசையில் நின்றது. மேரிக்கு மாமாவின் கழுத்து ஞாபகம் வந்தது. கை பரபரத்தது. ஒரு நொடி, இறக்கிவிடலாம், போகட்டும், இதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்போது உள்ளேயிருந்து அடைக்கலமேரி வந்தாள். தலை நிறையப் பூ, கையில் காயாத மருதாணி. மண்டபத்தில் அம்மாவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அவள். அம்மாவின் பக்கத்தில் வந்து தோளோடு தோளாக நின்றாள்.

"நீ எறக்காதம்மா," என்றாள் மெதுவாக. "மாமா சொல்லட்டும்."

டேவிட்ராஜ் மருமகளைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். திரும்பிக் கூட்டத்தையும் பார்த்தான். கைதட்டிய கூட்டம் அது, இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. தங்கச்சி மேல் தப்பில்லை என்று சொன்னால் முடிந்தது, தலைச்சுமை இறங்கிவிடும்.

அவன் இரண்டு கையையும் உயர்த்தினான். கூடையின் விளிம்பைப் பிடித்தான். முழங்காலை மடக்கிக் குனிந்து, கூடையைத் தானே தரையில் இறக்கி வைத்தான்.

வயசானவர்கள் சிலர் 'அய்யோ' என்றார்கள். மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதே புரியவில்லை. அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தான். அண்ணி தன் கையிலிருந்ததைப் பெரிய கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் பின்னாலேயே போனாள். மற்றவர்களும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். கோயில் முனையில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

மேரி வாசலிலேயே நின்றாள். அவள் இறக்காததால் அண்ணன் போனானா, அண்ணன் எப்போதோ போய்விட்டதால்தான் அவளால் இறக்க முடியவில்லையா என்று யோசித்தாள். இரண்டாவதுதான் சரி என்று பட்டது. பட்டாலும் நெஞ்சு எரிச்சல் குறையவில்லை.

சீரைத் தெருவிலேயே போட்டு வைக்க முடியுமா? பெண்கள் தேங்காயையும் பழத்தையும் எடுத்து உள்ளே கொண்டு போனார்கள். காலியான பெரிய கூடையை ஆரோக்கியம் சின்னம்மா தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். சரி பண்ணியது எங்கே என்று பார்க்க நினைத்தாளோ என்னவோ. வெளியில்தான் தங்கம். உள்ளே மேரி கடைசியாக மெழுகிய பூச்சு, ஐந்து விரல் இழுத்த தடம் இழுத்தபடி, ஒரு விரிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. விரல் தடம் இடமிருந்து வலமாகப் போகாமல் எதிர்ப்பக்கம் போயிருந்தது. சின்னம்மா அடியைத் தட்டினாள். மாவு கொட்டவில்லை. அடுத்த கூடையை எடுத்தாள். அதிலும் அப்படித்தான்.

"மேரி," என்றாள் சின்னம்மா. "இதுல எங்கடி பூச்சி?"

பதில் சொல்ல வேண்டியவன் அரியலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். சின்னம்மா கூடையைத் தரையில் வைக்காமல், வைக்கவும் மனசில்லாமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய்த் தானே ஓர் ஆணியில் மாட்டினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஆண்டவரின் தம்பி நின்றார். சம்பந்தி வீட்டார் விசாரித்தார்கள், ராத்திரியிலிருந்து அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மேரியே சொன்னாள். கடைசியாக அவனுக்காகத் தாங்கியது அது.

தங்கக் கலரை எடுக்கத்தான் மாதக்கணக்கு ஆனது. தின்னர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும், கூடவே மூங்கிலும் கருத்துப்போகும். கடை விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ச் சிரட்டையின் ஓரத்தால் சிம்பு சிம்பாகச் சுரண்டினாள். அடியில் பழைய பழுப்பு நிறம் வந்தது. விளிம்புக் கட்டில் மட்டும் பட்டையின் மடிப்புக்குள் கொஞ்சம் தங்கம் தங்கிவிட்டது. அதை விட்டுவிட்டாள்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமைக்குக் கடையில் லீவு சொன்னாள். வெந்தயம் ஊறியிருந்தது, பேப்பர் ஊறியிருந்தது. தன் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஏழையும் மெழுகினாள். அடைக்கலமேரி புருஷன் வீட்டிலிருந்து வந்து சோறாக்கிப் போட்டாள். சாயங்காலம் பஸ் ஏறுகிற நேரம் ஆனதும் மேரி பழக்கத்தில் எழுந்து கை கழுவி, சேலையை உதறிச் சரிசெய்து, பையைத் தேடினாள். பை ஆணியில் தொங்கியது. கையில் வெந்தய வாசனை அடித்தது. கூடைகள் திரும்பி வந்துவிட்டன, சனிக்கிழமையும் வந்துவிட்டது. அவள் போவதற்கு ஏலாக்குறிச்சியில் வீடுதான் இல்லை.